கணக்கு நிற்கிற இடம்

கோவையில் மோட்டார் பாதுகாப்பு ரிலேக்கள் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் 2000-களின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்துப் பம்ப்செட்டிலும் மில் மோட்டாரிலும் ஓடும் மின்னோட்டத்தை அளந்து, அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துவது அந்த ரிலேயின் வேலை. அளக்கிற பகுதி முழுவதும் ஆப்-ஆம்ப் சர்க்யூட்டுகள். வடிவமைப்பு அறையில் இரண்டு மேசைகள் இருந்தன. ஒன்றில் பிரெட்போர்டும் ஸ்கோப்பும், மற்றொன்றில் சர்க்யூட்டைக் கணக்காகவே ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் என்ற நிரல் ஓடுகிற கணினியும். அறைக்குத் தலைவரான மூத்த வடிவமைப்பாளரை எல்லோரும் 'சார்' என்றே அழைப்போம். கணினியில் ஓடாத சர்க்யூட்டுக்குச் சோல்டரிங் அயர்ன் சூடாகக் கூடாது, பலகையில் ஓடாத சர்க்யூட்டுக்குக் கணினிப் படத்தை ஆதாரமாகக் காட்டக் கூடாது என்பது அவர் வைத்திருந்த விதி.

விதியின் முதல் பாதியில்தான் எங்களுக்குப் பாடு அதிகம். காகிதத்தில் ஒழுங்காக இருக்கும் சர்க்யூட், கணினியில் ஏற்றியதும் நின்றுவிடும். திரையில் 'நோ கன்வெர்ஜென்ஸ்' என்றோ, 'சிங்குலர் மேட்ரிக்ஸ்' என்றோ, 'டைம் ஸ்டெப் டூ ஸ்மால்' என்றோ ஒரு வரி வரும். 'கன்வெர்ஜ் ஆகலீங்க சார்' என்பது அந்த அறையில் அன்றாடம் கேட்கும் வாக்கியம். இன்றைக்கும் ஆப்-ஆம்ப் வைத்து வேலை செய்கிற இளம் பொறியாளர்கள் அதே வாக்கியத்தோடுதான் என்னிடம் வருகிறார்கள். அந்த மறுப்பை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் அங்கே கற்றுக்கொண்டவை என் தொழில் வாழ்க்கை முழுவதற்கும் போதுமானவையாக இருந்தன.

ஸ்பைஸ் பிறந்தது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில். ரொனால்ட் ரோரர் நடத்திய வகுப்பில் மாணவர்கள் எழுதிய 'கேன்சர்' என்ற நிரல் அதற்கு முன்னோடி. அதில் பெரும்பங்கு லாரன்ஸ் நேகலுடையது. பின்னர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் நேகல் அதை வளர்த்தெடுத்தார். 1973-இல் கனடாவின் வாட்டர்லூவில் நடந்த கருத்தரங்கில் ஸ்பைஸ் அறிமுகமானது. 1975-இல் ஸ்பைஸ்2 வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்பதில் பெடர்சன் உறுதியாக இருந்தார். அந்த உறுதியின் பலனாகத்தான் அது உலகம் முழுக்கப் பரவி, எங்கள் அறைக்கும் வந்து சேர்ந்தது.

அதன் உள்ளே நடப்பது ஊகமும் திருத்தமும். டயோடும் டிரான்சிஸ்டரும் இருக்கும் சர்க்யூட்டின் சமன்பாடுகளை நேரடியாகத் தீர்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு நோடிலும் இத்தனை வோல்ட் இருக்கும் என்று நிரல் ஊகிக்கும். அந்த ஊகப் புள்ளியில் ஒவ்வொரு வளைகோட்டுக்கும் ஒரு தொடுகோடு வரைந்து, எல்லாம் நேர்கோடு என்று வைத்துக்கொண்டு தீர்க்கும். வந்த விடைதான் அடுத்த ஊகம். நியூட்டன்-ராஃப்சன் முறை இதுதான். அடுத்தடுத்த இரண்டு ஊகங்களுக்கு இடையேயான வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், அதனுடன் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் உள்ளே அடங்கிவிட்டால் விடை கிடைத்துவிட்டதாக அது முடிவு செய்யும். ஆயிரத்தில் ஒன்று என்பது 'ரெல்டால்', ஒரு மைக்ரோவோல்ட் என்பது 'விஎன்டால்', மின்னோட்டத்துக்கு ஒரு பிகோஆம்பியர் என்பது 'ஏபிஎஸ்டால்'. டிசி நிலையைக் கண்டுபிடிக்க 100 சுற்று வரை முயன்று பார்க்கும். அதற்குள் அடங்காவிட்டால் தன் மறுப்பைத் தெரிவிக்கும்.

இதில் ஆப்-ஆம்ப் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்குச் சார் எங்களுக்கு இரண்டு எண்களைப் போட்டுக் காட்டினார். முதல் எண் டயோடுக்கு. அறை வெப்பநிலையில் டயோடின் வோல்டேஜ் சுமார் 60 மில்லிவோல்ட் ஏறினால் மின்னோட்டம் பத்து மடங்காகும். 0.6 வோல்ட்டில் ஒரு மில்லிஆம்பியர் ஓடுகிறது என்றால், தொடர் மின்தடை இல்லாத மாதிரியில், 1.2 வோல்ட்டில் கணக்கு காட்டுவது ஒரு கோடி ஆம்பியர். இரண்டாவது எண் ஆப்-ஆம்புக்கு. நாங்கள் பயன்படுத்திய 741 என்ற ஆப்-ஆம்பின் திறந்த நிலைப் பெருக்கம் சுமார் 2 லட்சம். இடையில் ஏதோ ஓர் ஊகத்தில் உள்ளீட்டு வித்தியாசம் ஒரு மில்லிவோல்ட் என்று வந்தால், வரம்பு வைக்காத மாதிரியில் வெளியீடு 200 வோல்ட். அந்த 200 வோல்ட் பின்னூட்டத்தின் வழியே ஒரு டயோடில் போய் விழுந்தால் அடுத்த ஊகம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளச் சொன்னார். ஸ்பைஸ் எழுதியவர்கள் இதை அறிந்தே, டயோடின் வோல்டேஜ் ஒரு சுற்றில் இவ்வளவுக்கு மேல் நகரக் கூடாது என்று கடிவாளம் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டும், செங்குத்தான இந்த இரண்டு சரிவுகளும் ஒரே பின்னூட்டச் சுற்றில் சேரும்போது கணக்கு தடுமாறத்தான் செய்கிறது.

எங்கள் ரிலேயில் அப்படிச் சேர்ந்த இடம் துல்லிய ரெக்டிஃபையர். கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் சிக்னல் சில நூறு மில்லிவோல்ட்தான். சாதாரண டயோடு அதற்குத் திறக்கவே திறக்காது. அதனால் ஆப்-ஆம்பின் பின்னூட்டத்துக்குள் இரண்டு டயோடுகளை வைத்து, டயோடின் 0.6 வோல்ட்டை ஆப்-ஆம்பே ஈடுகட்டும்படி செய்வார்கள். உடன் வேலை பார்த்த ஒருவர் இதைக் கணினியில் வரைந்து ஓட்டியபோது 'டைம் ஸ்டெப் டூ ஸ்மால்' வந்தது. அவர் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து ரெல்டாலைத் தளர்த்தப் போனார். சார் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, அதை அப்புறம் பாத்துக்கலாம். எந்த நேரத்துல நின்னுருக்குன்னு அதுலயே எழுதியிருக்கும் பாருங்க. எந்த நோடுன்னும் எழுதியிருக்கும்."

எழுதியிருந்தது. நேரம் 10 மில்லிசெகண்டை ஒட்டி. நோடு, ஆப்-ஆம்பின் வெளியீடு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை அலை பூஜ்யத்தைக் கடக்கும். பூஜ்யத்தைக் கடக்கும் அந்தக் கணத்தில் ஒரு டயோடு மூடி மற்றொன்று திறக்க வேண்டும். அதற்கு ஆப்-ஆம்பின் வெளியீடு மைனஸ் 0.6-லிருந்து பிளஸ் 0.6-க்குத் தாவியாக வேண்டும். கணக்கு நின்றது சரியாக அந்தத் தாவலில்.

"இந்த டயோடுக்கு கெபாசிட்டன்ஸ் எவ்வளவு போட்டிருக்கீங்க?"

எதுவும் போடவில்லை. ஸ்பைஸில் டயோடு என்று மட்டும் எழுதினால், சந்திக் கெபாசிட்டன்ஸ் பூஜ்யம், தொடர் மின்தடை பூஜ்யம் என்று அது எடுத்துக்கொள்ளும். ஆப்-ஆம்பாகப் போட்டிருந்தது வெறும் பெருக்கச் சதுரம். அதற்கு வேக வரம்பும் கிடையாது. ஆக, 1.2 வோல்ட் தாவலை நேரமே எடுக்காமல் செய்து முடிக்கும் சர்க்யூட் அது. நிரலோ நேரத்தைச் சிறு சிறு படிகளாக வெட்டிக்கொண்டு நடப்பது. ஒரு படியில் விடை அடங்கவில்லையென்றால் படியைச் சிறிதாக்கும். இன்னும் அடங்கவில்லையென்றால் இன்னும் சிறிதாக்கும். தாவலுக்கு நேரமே இல்லாதபோது படியை எவ்வளவு சிறிதாக்கினாலும் தாவலின் உயரம் குறையாது. கடைசியில் படி சிறுத்துப்போய் நின்றுவிடும்.

சார் எங்களை அடுத்த மேசைக்கு அழைத்துப் போய், பிரெட்போர்டில் அதே சர்க்யூட்டை 741-ஐ வைத்துப் போடச் சொன்னார். ஸ்கோப்பை வெளியீட்டில் வைத்து, பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தை விரித்துப் பார்த்தோம். 741-இன் வேகம் மைக்ரோசெகண்டுக்கு அரை வோல்ட். 1.2 வோல்ட் தாவ அதற்கு 2.4 மைக்ரோசெகண்டு வேண்டும். அந்தச் சாய்வு திரையில் தெளிவாகத் தெரிந்தது. பிறகு கணினிக்குத் திரும்பி, டயோடுக்கு 1என்4148-க்கு உரிய 4 பிகோஃபாரட்டையும் அரை ஓம் தொடர் மின்தடையையும் கொடுத்து, வெறும் சதுரத்தின் இடத்தில் 741-இன் மேக்ரோமாடலை வைத்ததும் நிற்காமல் ஓடியது. ஓடியதோடு, ஸ்கோப்பில் பார்த்த அதே சாய்வைக் காட்டியது. ரெல்டாலைத் தொடவே இல்லை. அன்றைக்குத் தெரிந்துகொண்டது இது: கணக்கு நின்ற இடத்தில் சர்க்யூட்டுக்கு ஏதோ ஒன்று குறைகிறது. குறைவது பெரும்பாலும், மெய்யான உறுப்பில் இருந்து நாம் வரையும்போது விட்டுவிட்ட ஒரு குணம்.

மேக்ரோமாடல் என்பது அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய வரம். 741-ஐ 1968-இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்தார். அதற்குள் 20-க்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள். நாங்கள் கல்லூரியில் பயன்படுத்திய பிஸ்பைஸ் மாணவர் பதிப்பு 64 நோடுகளுக்கும் 10 டிரான்சிஸ்டர்களுக்கும் மேல் ஏற்காது. முழு 741 அதில் நுழையாது. 1974-இலேயே பாய்ல், கோன், பெடர்சன், சாலமன் ஆகிய நால்வர் இதற்கு வழி சொல்லியிருந்தார்கள். உள்ளீட்டில் இரண்டு டிரான்சிஸ்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைக் கட்டுப்பாட்டு மூலங்களாலும் மின்தடைகளாலும் கெபாசிட்டர்களாலும் கட்டி, வெளியீட்டின் வோல்டேஜ் வரம்பையும் மின்னோட்ட வரம்பையும் நான்கு டயோடுகளிடம் ஒப்படைத்தார்கள். பெருக்கம், அலைவரிசை, வேக வரம்பு, செறிவு எல்லாம் அதில் வந்துவிடும், கணக்கும் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். ஸ்பைஸுக்கு வழிகாட்டிய பெடர்சனே இந்த மாதிரிக்கும் ஒரு கைகொடுத்தவர் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

மேக்ரோமாடல் கிடைக்காத ஆப்-ஆம்புகளுக்கு நாங்களே எழுதிக்கொள்வோம். 'வித்தியாசத்தை ஒரு லட்சத்தால் பெருக்கு. 12 வோல்ட்டுக்கு மேல் போனால் 12-இல் நிறுத்து' என்று 'இஃப்' போட்டு எழுதுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தொடுகோட்டை நம்பி நடக்கும் முறைக்கு அது சரிப்படாது. நேர்கோடு திடீரென்று படுகிடையாக மடங்கும் மூலையில் சரிவுக்கு ஒரே மதிப்பு கிடையாது. மூலைக்கு இந்தப் பக்கம் நின்று வரைந்த தொடுகோடு அந்தப் பக்கம் அனுப்பும், அங்கிருந்து வரைந்தது இங்கே திருப்பி அனுப்பும். இரண்டு ஊகங்களுக்கு நடுவே 100 சுற்றும் தீர்ந்துவிடும். அதே வரம்பை டான்ஹெச் சார்பால் எழுதினால் மூலை வளைவாகிறது, சரிவு ஒரு மதிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக மாறுகிறது, கணக்கும் அடங்குகிறது. இதற்கும் பலகையில் சான்று உண்டு. எந்த மெய்யான ஆப்-ஆம்பும் கத்தியால் வெட்டியதுபோல் செறிவுக்குப் போவதில்லை. வெளியீடு சப்ளை வோல்டேஜை நெருங்க நெருங்கப் பெருக்கம் தளர்ந்து, பிறகுதான் நிற்கிறது.

சில ஆண்டுகளில் எங்கள் நிறுவனம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு வெப்பநிலை மீட்டரும் பிஎச் மீட்டரும் செய்யத் தொடங்கியது. அங்கேதான் சிங்குலர் மேட்ரிக்ஸோடு நெருங்கிப் பழகினேன். சாயத் தொட்டிக்குள் போகும் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட் கொடுக்கும் கே வகை. அதன் இரண்டு முனைகளும் பெருக்கியின் இரண்டு உள்ளீடுகளுக்குப் போயின. எளிய சர்க்யூட். கணினி ஏற்கவில்லை. தெர்மோகப்பிளின் நோடைச் சுட்டி, சிங்குலர் மேட்ரிக்ஸ் என்றது. அந்த நோடிலிருந்து கிரவுண்டுக்கு டிசி பாதையே இல்லை என்பதுதான் அதன் பொருள். பாதை இல்லையென்றால் அதன் வோல்டேஜ் எதுவாகவும் இருக்கலாம், சமன்பாட்டுக்கு ஒரே விடை கிடையாது.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து ஒன்று உண்டு. அந்த நோடிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ஜிகாஓம் மின்தடையைப் போட்டுவிடு, கணினி வாயை மூடிக்கொள்ளும். சார் அதற்கு ஒப்பவில்லை. ஜிகாஓமைப் போட்டால் பலகையிலும் போடுவீர்களா என்று கேட்டார். காகிதத்தில் கணக்குப் போட்டோம். 741-இன் உள்ளீட்டு பயஸ் மின்னோட்டம் சுமார் 80 நானோஆம்பியர். ஜிகாஓமில் அது 80 வோல்ட். சப்ளையே 12 வோல்ட்தான். ஒரு நானோஆம்பியர் மட்டுமே எடுக்கும் நல்ல பெருக்கியை வைத்தாலும் ஒரு வோல்ட் பிழை. நாம் அளக்க வந்ததோ மைக்ரோவோல்ட். பெருக்கியின் உள்ளீட்டு மின்னோட்டம் திரும்பிப் போக மெய்யாகவே ஒரு பாதை வேண்டும். கணினி அதைக் கேட்டது. தெர்மோகப்பிளின் ஒரு முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓமை வரைபடத்திலும் பலகையிலும் சேர்த்தோம். நானோஆம்பியருக்கு அதில் பத்து மைக்ரோவோல்ட்தான், அதுவும் இரண்டு உள்ளீடுகளிலும் பொதுவாக வருவதால் பெருக்கி அதைத் தள்ளிவிடும். வேறோர் இடத்தில் செய்து பழுதுக்கு வந்த மீட்டர் ஒன்றில் இந்தப் பாதை இல்லாமலே இருந்ததைப் பின்னொரு நாள் பார்த்தேன். அதன் வெளியீடு மெல்ல நகர்ந்து சப்ளையில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வகை, விடை ஒன்றுக்கு மேல் இருக்கும் சர்க்யூட்டுகள். ரிலேயில் அளவு மீறியதைக் கண்டு சொல்லும் ஷ்மிட் டிரிகரும், விளக்கைச் சிமிட்ட வைக்கும் ஆஸிலேட்டரும் நேர்ப் பின்னூட்டத்தில் ஓடுபவை. உள்ளீடு பூஜ்யத்தில் இருக்கும்போது வெளியீடு பிளஸ் 12-ஐ ஒட்டி நிற்கலாம், மைனஸ் 12-ஐ ஒட்டியும் நிற்கலாம். சமன்பாட்டுக்கு மூன்றாவது விடையும் உண்டு: பூஜ்யம். மெய்யான சர்க்யூட் அந்த நடுப் புள்ளியில் நிற்காது. உறுப்புகளின் இரைச்சல் அதை உடனே ஒரு பக்கம் தள்ளிவிடும். கணினிக்குள் இரைச்சல் இல்லை. எல்லா நோடும் பூஜ்யம் என்று ஊகத்தைத் தொடங்கும் நிரல் நடுப் புள்ளியையே விடையாக எடுத்துக்கொள்ளும். ஆஸிலேட்டர் திரையில் ஒரு நேர்கோடாகக் கிடக்கும். சில சமயம் மூன்று விடைகளுக்கு நடுவே ஊகம் அலைந்து கன்வெர்ஜ் ஆகாமலே போகும்.

இதற்கு நாங்கள் கைக்கொண்ட வழி, சப்ளையைப் பூஜ்யத்திலிருந்து சில மைக்ரோசெகண்டுகளில் 12 வோல்ட்டுக்கு ஏற்றுவது. ஆன் பண்ணும்போது மெய்யான ரிலேயில் நடப்பதும் அதுதான். சப்ளை பூஜ்யமாக இருக்கும்போது விடை வெளிப்படை, அங்கிருந்து ஒவ்வொரு படியிலும் முந்தைய விடையே அடுத்ததற்கு நல்ல ஊகமாகும். டைமிங் கெபாசிட்டரில் தொடக்கத்தில் சிறிது வோல்டேஜ் இருப்பதாகச் சொன்னால் எந்தப் பக்கம் சாய்வது என்பதும் தீர்ந்துவிடும். குறிப்பிட்ட நோடு இத்தனை வோல்ட்டில் இருக்கலாம் என்று 'நோட்செட்' மூலம் குறிப்புக் கொடுப்பதும் உண்டு. அது ஊகத்துக்கான உதவி மட்டுமே. விடையை அது கட்டாயப்படுத்தாது.

நிரலுக்குள்ளேயே இத்தகைய உதவிகள் இருக்கின்றன. நேர்வழி தோற்றால் சப்ளைகளைத் தானே பூஜ்யத்திலிருந்து படிப்படியாக ஏற்றிப் பார்க்கும். மற்றொன்று 'ஜிமின் ஸ்டெப்பிங்'. டயோடு, டிரான்சிஸ்டர் சந்திகள் ஒவ்வொன்றின் குறுக்கேயும் தாராளமான கடத்தியைப் போட்டு முதலில் எளிய சர்க்யூட்டாக்கித் தீர்த்துவிட்டு, அந்தக் கடத்தியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரும். எங்கள் ஊர்க் கிணறுகளில் பிள்ளைகளுக்கு முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி நீச்சல் பழக்குவார்கள், கை கால் பழகப் பழகக் குடுக்கையைக் குறைத்து, கடைசியில் எடுத்துவிடுவார்கள். ஜிமின் செய்வது அதே வேலை. ஒரே வேறுபாடு, கடைசிக் குடுக்கையை ஸ்பைஸ் எடுப்பதில்லை. பத்து லட்சம் மெகாஓமுக்குச் சமமான ஒரு கடத்தி, 'ஜிமின்' என்ற பெயரில், ஒவ்வொரு சந்தியின் குறுக்கேயும் நிரந்தரமாக இருந்துவிடும். பெரும்பாலான சர்க்யூட்டுகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பிஎச் மீட்டரில் அது பொருட்டானது. கண்ணாடி எலெக்ட்ரோடின் உள்மின்தடை பல நூறு மெகாஓம் வரை போகும். 25 டிகிரியில் ஒரு பிஎச்சுக்கு 59.16 மில்லிவோல்ட் தரும். அதைப் படிக்கும் ஆப்-ஆம்பின் உள்ளீட்டு மின்னோட்டம் ஃபெம்டோஆம்பியர் அளவில் இருந்தாக வேண்டும். அந்தச் சர்க்யூட்டைக் கணினியில் போட்டபோது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஓடி முடிந்தது. ஆனால் வெளியீடு, கையால் போட்ட கணக்கிலிருந்து ஒரு மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகி நின்றது. சார் விலகலை எலெக்ட்ரோடின் மின்தடையால் வகுக்கச் சொன்னார். நாங்கள் 250 மெகாஓம் வைத்திருந்தோம், விலகல் 1.25 மில்லிவோல்ட். மின்னோட்டம் 5 பிகோஆம்பியர் என்று வந்தது. உள்ளீட்டைப் பாதுகாக்கப் பொருத்திய குறைகசிவு டயோடின் குறுக்கே பின்னோக்கிய வோல்டேஜ் 5 வோல்ட். 5 வோல்ட்டை ஜிமினால் பெருக்கினால் 5 பிகோஆம்பியர். டயோடின் மாதிரியில் எழுதியிருந்த கசிவோ ஒரு பிகோஆம்பியரில் நூறில் ஒரு பங்குதான். ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சர்க்யூட்டினுடையதே இல்லை, கணக்கு முடிவதற்காக நிரல் வைத்திருந்த கடத்தியினுடையது.

1.25 மில்லிவோல்ட் என்பது 0.02 பிஎச். இரண்டாம் தசம இடத்தைக் காட்டும் மீட்டருக்கு அது பெரிய பிழை. ஜிமினையும் ஏபிஎஸ்டாலையும் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தோம். விலகல் மறைந்தது. கன்வெர்ஜ் ஆவது முன்பைவிடக் கடினமாயிற்று. அதற்கு வேண்டிய ஊகக் குறிப்புகளைக் கொடுத்து ஓட வைத்தோம். பிழைச் செய்தியைப் பற்றி அதுவரை யோசித்ததெல்லாம் எனக்கு அன்றைக்கு முழுமையடைந்தது. ஓட மறுக்கும் சர்க்யூட்டைக் கேள்வி கேட்பதைப் போலவே, ஓடி முடிந்த சர்க்யூட்டையும் கேள்வி கேட்க வேண்டும்.

ரெல்டாலைத் தளர்த்தும் பழக்கத்தில் உள்ள ஆபத்தும் இதுவே. வெளியிலிருந்து எங்களுக்கு வந்த ஒரு சர்க்யூட் கோப்பில் ரெல்டாலை 0.1-க்குத் தளர்த்தியிருந்தார்கள். பத்தில் ஒரு பங்கு பிழையோடு நின்றாலும் போதும் என்று நிரலுக்குச் சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம். எச்சரிக்கை ஏதும் வராமல் ஓடும். 5 வோல்ட் நோடில் அரை வோல்ட் முன்னே பின்னே இருந்தாலும் அது அடங்கிய கணக்காகிவிடும். மறுப்பை அமைதிப்படுத்துவதற்காக விடையையே விலையாகக் கொடுக்கும் வேலை அது. ரெல்டாலை 0.01 வரை தளர்த்துவதில் தவறில்லாத சமயங்கள் உண்டு. சர்க்யூட்டின் வடிவம் சரியா என்று விரைவாகப் பார்க்க அது உதவும். அளவு சொல்லும் ஓட்டத்துக்கு அது உதவாது.

ஆப்-ஆம்ப் சர்க்யூட்டில் கணக்கு ஏமாற்றும் இன்னோர் இடம், நேரப் படிகளை இணைக்கும் முறை. ஸ்பைஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் டிரெப்பிஸாய்டல் முறை சில சமயம் இல்லாத அதிர்வைக் காட்டும். ஆப்-ஆம்பின் வெளியீட்டில் நீண்ட கேபிள் இருந்தால் அதன் கெபாசிட்டன்ஸால் மெய்யாகவே அதிர்வு வரலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். 'கியர்' முறைக்கு மாற்றினால் பொய் அதிர்வு அடங்கும். ஆனால் அந்த முறை மெய்யான அதிர்வையும் அமுக்கிவிடக்கூடியது. அதனால் முறையை மாற்றும் முன்பு, அதிகபட்ச நேரப் படியைப் பாதியாக்கிப் பார்க்கச் சார் சொல்வார். அதிர்வின் காலமும் படியோடு சேர்ந்து பாதியானால் அது கணக்கின் அதிர்வு. படியை எவ்வளவு குறைத்தாலும் அதே காலத்தில் நின்றால் அது சர்க்யூட்டின் அதிர்வு, பலகையிலும் வரும். வெளியீட்டில் 50 அல்லது 100 ஓமைத் தொடராகச் சேர்த்து அதைச் சரிசெய்ய வேண்டியது நம் பொறுப்பு.

இவற்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வேலை ஒழுங்கு அமைந்தது. இன்றும் அதையே பின்பற்றுகிறேன். முதலில் செய்தியை முழுக்கப் படித்து, நின்ற நேரத்தையும் நோடையும் குறித்துக்கொள்வது. பிறகு வரைபடத்தில் அந்த நோடுக்குப் போவது. கிரவுண்டுக்கு டிசி பாதை இருக்கிறதா, ஆப்-ஆம்பின் சப்ளை முனைகள் சரியாக இணைந்திருக்கின்றனவா, பிளஸ் மைனஸ் உள்ளீடுகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பது. உள்ளீடுகள் இடம் மாறி எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாகிவிட்ட சர்க்யூட்டுகளே கன்வெர்ஜ் ஆகாதவற்றில் எத்தனையோ இருந்தன. அடுத்து, டயோடுகளுக்குக் கெபாசிட்டன்ஸும் தொடர் மின்தடையும் உண்டா, பல்ஸ் மூலத்துக்கு ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் கொடுத்திருக்கிறதா, ஆப்-ஆம்பின் மாதிரியில் செறிவு மூலையில்லாமல் வளைகிறதா என்பது. அதற்கும் பிறகு சப்ளையை ஏற்றுவதும் நோட்செட்டும். அமைப்புகள் பக்கம் எல்லாவற்றுக்கும் கடைசி. அங்கே சுற்றுகளின் எண்ணிக்கையை 100-லிருந்து 400, 500 என்று உயர்த்துவதால் விடைக்குக் கெடுதல் இல்லை. நேரம்தான் கொஞ்சம் கூடும். ரெல்டால் போன்ற எல்லை எண்களைத் தொடுவதற்கு மட்டும் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று சார் கேட்பார். கோப்பின் முதல் வரியிலேயே, எந்த எண், எதற்காக, எவ்வளவு மாற்றினோம் என்று எழுதுவோம். அடுத்த ஆண்டு அதே கோப்பைத் திறக்கும் வேறொருவருக்கு அந்த வரி விலைமதிப்பில்லாதது.

இப்போது நல்ல சிமுலேட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தில் மைக் எங்கல்ஹார்ட் எழுதிய எல்டிஸ்பைஸ் கோவையின் சிறு பட்டறைகளுக்கும் கல்லூரி விடுதிகளுக்கும் வந்துவிட்டது. முன்பு நின்றுபோன பல சர்க்யூட்டுகள் இப்போது தானாகவே ஓடுகின்றன. இது நல்ல காலம், இதை வரவேற்கிறேன். கூடவே, நின்ற இடத்தில் உட்கார்ந்து சர்க்யூட்டைப் படிக்கும் வாய்ப்பு இளைஞர்களுக்குக் குறைந்திருக்கிறது. ஓடிவிட்டது என்பதையே சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வது எளிதாகியிருக்கிறது.

அதனால் என்னிடம் வரும் இளம் பொறியாளர்களிடம், கன்வெர்ஜ் ஆக வைப்பதற்கான வழிகளைச் சொல்லிவிட்டு, கன்வெர்ஜ் ஆன பிறகு செய்ய வேண்டிய ஒன்றையும் கட்டாயமாகச் செய்யச் சொல்கிறேன். ரெல்டாலைப் பத்தில் ஒரு பங்காக இறுக்குங்கள், அதிகபட்ச நேரப் படியைப் பாதியாக்குங்கள், உயர்மின்தடைச் சர்க்யூட் என்றால் ஜிமினையும் குறையுங்கள், மறுபடி ஓட்டுங்கள். அளவு அசையாமல் நின்றால் அது உங்கள் சர்க்யூட்டின் விடை. அசைந்தால், நீங்கள் இவ்வளவு நேரம் பார்த்தது அந்த எண்கள் அனுமதித்த ஒரு நிறுத்தம் மட்டுமே. பலகையைச் செய்யக் கொடுக்கும் முன்பு இன்னும் பார்க்க வேண்டியது பாக்கி இருக்கிறது.